சிக்கிங்கனின் முகம்: 500 ஆண்டு பழைய எட்சிங் உருவப்படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்சிங் வகுப்பின் முதல் நாள் மேசையில் நான் வைக்கும் படம் எப்போதும் ஒன்றுதான். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்துக் கலைஞர் ஹிரோனிமஸ் ஹோப்ஃபர் 1520களின் தொடக்கத்தில் செய்த உருவப்படத்தின் நகல் அது. படத்தில் இருப்பவர் பிரான்ஸ் ஃபான் சிக்கிங்கன் என்ற படைத்தலைவர். கவசம் அணிந்திருக்கிறார், முகம் பக்கவாட்டில் தெரிகிறது, கூடவே பெரிய எழுத்துகளில் வாசகம் ஒன்று இருக்கிறது. படத்தைப் பார்த்தவர்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எட்சிங்னா என்ன? பேனாவில வரைஞ்ச மாதிரிதானே இருக்கு?

பேனாவில் வரைந்தது போலத் தெரிவதற்குக் காரணம் உண்டு. உலோகத் தகட்டின் மேல் மெழுகு மாதிரியான ஒரு பூச்சைப் பூசி, அதன் மேல் ஊசியால் வரைவார்கள். ஊசி மெழுகை மட்டும் விலக்கும், உலோகத்தைக் கீறுவதில்லை. அதனால் கை காகிதத்தில் ஓடுவது போலவே தடையில்லாமல் ஓடும்.

பிறகு தகட்டை அமிலத்தில் போடுவார்கள். மெழுகு விலகிய இடத்தில் மட்டும் அமிலம் உலோகத்தை அரித்துப் பள்ளமாக்கும். மெழுகைத் துடைத்துவிட்டு, பள்ளங்களுக்குள் மை இறங்கும்படி தேய்த்து, மேற்பரப்பில் இருக்கும் மையைத் துணியால் வழித்தெடுத்து, ஈரக் காகிதத்தை வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தினால் பள்ளத்தில் இருக்கும் மை காகிதத்துக்கு வந்துவிடும். அதுதான் அச்சு. கோட்டைப் போடுவது கலைஞர், ஆழப்படுத்துவது அமிலம்.

அப்போ இதுவும் செதுக்குறதும் ஒண்ணுதானே?

இல்லை. பாத்திரக் கடையில் புதுக் குடத்தில் பெயர் வெட்டித் தருவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கருவி உலோகத்தையே வெட்டுகிறது. செதுக்கு அச்சும் அந்த வகைதான். கூர்மையான உளியை உள்ளங்கையால் தள்ளித் தள்ளி, செப்புத் தகட்டில் இருந்து மெல்லிய உலோக இழையை உரித்தெடுக்க வேண்டும். அதற்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். பெரும்பாலும் பொற்கொல்லர் பட்டறையில் வளர்ந்தவர்களின் கை அது.

இரண்டையும் கண்ணால் பிரித்தறியலாம். செதுக்கிய கோடு மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் தடித்து, கடைசியில் ஊசி முனையாக முடியும். உளி உள்ளே இறங்கி மேலே ஏறுவதன் அடையாளம் அது. எட்சிங் கோட்டின் தடிமன் நெடுகிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், முனை மொட்டையாக நிற்கும். சிக்கிங்கன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த மொட்டை முனைகள் எல்லா இடத்திலும் தெரியும். மரக்கட்டை அச்சு மூன்றாவது வகை. அதில் கோடு மேடாக நிற்கும், சுற்றியுள்ள மரத்தைத்தான் வெட்டி எறிவார்கள்.

சிக்கிங்கன் யாரு? ராஜாவா?

ராஜா இல்லை. 1481இல் ரைன் பகுதியில் எபர்ன்பர்க் கோட்டையில் பிறந்த பிரபு. ஜெர்மன் நாடுகளுக்கெல்லாம் மேலே இருந்த புனித ரோமப் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட, நடுவில் வேறு எந்தச் சிற்றரசனுக்கும் தலைவணங்க வேண்டாத வீரப் பிரபுக்கள் அன்றைய ஜெர்மன் நாடுகளில் நிறையப் பேர் இருந்தார்கள். ஆளுக்கொரு கோட்டை, சில கிராமங்கள், பெரிய கௌரவம். வருமானம் மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. அந்த வகுப்பில் செல்வமும் படைபலமும் சேர்த்துக்கொண்ட ஒருசிலரில் இவர் முதன்மையானவர்.

கூலிப்படை திரட்டுவதில் இவருக்கு இணை சொல்ல ஆள் குறைவு. 1519இல் வூர்ட்டம்பர்க் கோமகன் உல்ரிச்சை விரட்டிய, தென்ஜெர்மன் நகரங்களும் பிரபுக்களும் சேர்ந்த ஸ்வாபியக் கூட்டணிப் படையில் இருந்தார். அதே ஆண்டு ஃபிராங்க்ஃபர்ட்டில் பேரரசர் தேர்தல் நடந்தபோது இவருடைய படை ஊருக்குப் பக்கத்திலேயே முகாமிட்டிருந்தது. அந்தத் தேர்தலில் வென்ற ஐந்தாம் சார்லஸ் இவரைத் தன் படைத்தலைவராக்கிக்கொண்டார். இவரிடம் கடனும் வாங்கினார்.

அந்த ஓவியர் யாரு? டியூரர் மாதிரி பெரிய ஆளா?

அன்றைய ஜெர்மனியின் மிகப் புகழ்பெற்ற ஓவியரான டியூரரின் உயரத்தில் இவரை வைக்க முடியாது. ஆனால் ஹோப்ஃபர் என்ற பெயர் இல்லாமல் எட்சிங்கின் வரலாற்றையே எழுத முடியாது. ஹிரோனிமஸின் அப்பா டானியல் ஹோப்ஃபர். சுமார் 1470இல் கௌஃபாய்ரன் ஊரில் பிறந்து, 1493இல் ஆக்ஸ்பர்க்கில் குடியேறி, 1536இல் இறந்தவர். தொழில், போர்க் கவசங்களில் அமிலத்தால் அலங்காரம் செய்வது. அந்தக் கைவேலையைக் காகிதத்தில் அச்சடிக்கும் கலையாக மாற்றிய முதல் ஆள் என்று இவரைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள்.

மகன்கள் ஹிரோனிமஸும் லாம்பெர்ட்டும் அதே வேலையைத் தொடர்ந்தார்கள். ஹிரோனிமஸ் பிற்பாடு நியூரம்பர்க்குக்குப் போனார். டியூரர், இத்தாலிய ஓவியர் மாண்டேன்யா போன்றவர்களின் அச்சுகளைப் பார்த்து நிறைய நகல்கள் செய்தார். அதற்காகவே அவரைக் குறைத்து எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெரிய மாஸ்டரின் படத்தை வாங்க முடியாத வீட்டுச் சுவருக்கு ஒரு படம் போய்ச் சேர்ந்தது இவரைப் போன்றவர்களால்தான்.

கவசத்துக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்விக்காகத்தான் முதல் நாளே இந்தப் படத்தை எடுத்து வைக்கிறேன். போர்க் கவசம் இரும்பு அல்லது எஃகு. அதில் செடி கொடி, புனிதர் உருவம், குடும்பச் சின்னம் எல்லாம் வேண்டும் என்று பிரபுக்கள் கேட்பார்கள். கடினமான வளைந்த இரும்பில் உளியால் இத்தனையையும் வெட்டினால் ஆயுள் போதாது. அதனால் மெழுகு பூசி, வரைந்து, காடி, உப்பு, செம்புக் களிம்பு போன்றவற்றைக் கலந்த அரிக்கும் நீரை ஊற்றி இரும்பை அரிக்கவிட்டார்கள். பள்ளத்தில் கருப்பை ஏற்றினால் வேலைப்பாடு எடுப்பாகத் தெரியும்.

இப்படி மை ஏறிய தகட்டின் மேல் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் வந்துவிடும். அந்த அடி எடுத்து வைக்கப்பட்டது கவசத் தொழிலுக்கும் ஃபுக்கர் குடும்பத்தின் வணிகத்துக்கும் பேர்போன ஆக்ஸ்பர்க்கில். அதனால்தான் ஹோப்ஃபர் குடும்பம் செப்புத் தகட்டை விட்டுவிட்டு இரும்புத் தகட்டில் வேலை செய்தது. கைக்குப் பழகிய உலோகம் இரும்புதான்.

சிக்கிங்கன் படத்தில் கவசத்தின் மேல் ஓடும் கோடுகளை இந்த எண்ணத்தோடு பாருங்கள். உண்மையான கவசத்தில் அலங்காரத்தை அரித்தெடுக்கும் அதே வித்தை, இங்கே இரும்புத் தகட்டில் ஒரு கவசத்தின் படத்தை அரித்தெடுத்திருக்கிறது. முகமும் அப்படியே. போர்வீரனின் உடம்பைப் போர்த்த உலோகமும் அவனுடைய உருவத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன உலோகமும் ஒன்றுதான். இதைச் சொல்லிவிட்டு மாணவர்கள் முகத்தைப் பார்ப்பேன். அந்த இடத்தில்தான் பலர் படத்தை மறுபடியும் கையில் எடுப்பார்கள்.

இரும்புத் தகடுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அச்சு காகிதத்தில்தானே இருக்கு?

கோட்டைப் பாருங்கள். இரும்பை அமிலம் செம்பைப் போல நேர்த்தியாக அரிக்காது. கோட்டின் ஓரம் கொஞ்சம் சொரசொரப்பாக, பிசிறோடு இருக்கும். மெல்லிய கோட்டுக்கும் தடித்த கோட்டுக்கும் இடையே நுணுக்கமான படிநிலைகள் இருக்காது.

அப்புறம் துரு. இரும்புத் தகட்டில் ஈரம் பட்டுத் துரு பிடித்தால் அங்கே குழி விழும். குழிக்குள் மை இறங்கும், அச்சில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகளாகத் தெரியும். தகட்டுக்கு வயதாக ஆகப் புள்ளிகளும் கூடும். ஒரே தகட்டின் இரண்டு அச்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது முந்தியது எது பிந்தியது என்று புள்ளிகளை வைத்தே சொல்லிவிடலாம்.

முகத்தை ஏன் பக்கவாட்டில் காட்டியிருக்காங்க? நேராப் பார்க்கிற மாதிரி வரையத் தெரியாதா?

தெரியும். ஹிரோனிமஸின் அப்பா டானியல் செய்த குன்ஸ் ஃபான் டெர் ரோசன் உருவப்படத்தைத் தேடிப் பாருங்கள். அடர்ந்த தாடி, தொப்பி, வாளின் பிடி, கனத்த உடம்பு என்று ஆளே மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பது போல இருக்கும். குன்ஸ், பேரரசர் மாக்சிமிலியனின் நம்பிக்கைக்குரிய தோழர், அரசவை விகடகவியும் கூட. 1488இல் ப்ரூஜ் நகரத்தார் மாக்சிமிலியனைச் சிறைவைத்தபோது அவரைக் காப்பாற்றப் போனவர் என்று இவரைப் பற்றிக் கதைகள் உண்டு.

பக்கவாட்டு முகம் தேர்ந்தெடுத்துச் செய்த காரியம். ரோமப் பேரரசர்களின் நாணயங்களில் முகம் அப்படித்தான் இருக்கும். மறுமலர்ச்சிக் காலத்தில் இத்தாலியில் அந்த நாணயங்களைப் பார்த்துப் பதக்கங்கள் வார்க்கத் தொடங்கினார்கள். அந்த வழக்கம் ஆல்ப்ஸ் தாண்டி ஆக்ஸ்பர்க்குக்கும் வந்தது. ஒரு கோட்டைப் பிரபுவைச் சீசர் மாதிரிப் பக்கவாட்டில் காட்டினால், ‘இவரும் அந்த வரிசையில் வைக்க வேண்டியவர்’ என்று சொல்லாமல் சொன்னதாகிவிடும்.

படத்தில இருக்கிற வாசகம் என்ன சொல்லுது?

ஜெர்மன் மொழியில் மூன்று சிறு தொடர்கள். பெருமை கடவுளுக்கு மட்டுமே. பொதுநலனை நேசி. நீதியைக் காத்து நில். லத்தீனில் எழுதாமல் ஊர்மொழியில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். படித்தவர்களின் மொழியில் மட்டும் பேசினால் போதாது, சந்தையில் நிற்பவனும் வாசிக்க வேண்டும் என்ற காலம் பிறந்துவிட்டது.

‘நீதி’ என்ற சொல் அப்போது சிக்கிங்கன் பெயரோடு ஒட்டியிருந்தது. பழைய திருச்சபையால் துரத்தப்பட்ட சீர்திருத்தக்காரர்களுக்கு எபர்ன்பர்க்கில் இடம் கொடுத்தார். உல்ரிச் ஃபான் ஹுட்டன், மார்ட்டின் பூட்ஸர், ஓக்கோலம்பாடியுஸ் எல்லாரும் அங்கே தங்கியவர்கள். அந்தக் கோட்டைக்கு ‘நீதியின் விடுதி’ என்று பெயர் சூட்டியவர் ஹுட்டன். சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தரையும் 1521இல் வரச்சொல்லி அழைத்தார்கள். அவர் தன்னை விசாரிக்கக் காத்திருந்த வோர்ம்ஸ் நகரத்துப் பேரரசு மன்றத்துக்கு நேராகப் போய்விட்டார். அதே ஆண்டு பாவ அறிக்கை பற்றி எழுதிய ஒரு நூலைச் சிக்கிங்கனுக்குக் காணிக்கையாக்கினார்.

எழுத்து சரியா வாசிக்க வருது. தகட்டில தலைகீழாவா எழுதினாங்க?

தலைகீழாக இல்லை, இடவலம் மாற்றி. கண்ணாடியில் தெரிவது போல எழுத வேண்டும். அச்சில்தான் அது நேராக வரும். போன ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி தன் முதல் தகட்டில் அம்மாவின் முகத்தை வரைந்து கீழே பெயரை நேராக எழுதிவிட்டார். துத்தநாகத் தகடு, நீர்த்த நைட்ரிக் அமிலம். கோடு நெடுக நுரைக்குமிழிகள் மணிமணியாக ஏற, இறகால் ஒதுக்கி ஒதுக்கி அரை மணி நேரம் காத்திருந்தோம். காகிதத்தை உரித்ததும் முகம் அழகாக வந்திருந்தது, பெயர் மட்டும் வலமிருந்து இடமாக நின்றது. அம்மாவின் இடது கன்னத்து மச்சமும் வலது கன்னத்துக்குப் போயிருந்தது.

அந்த மச்சத்தை மறக்காதீர்கள். பழைய எட்சிங் உருவப்படம் எதைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எழுத்தை மட்டும் கவனமாகத் திருப்பிவிட்டு முகத்தை அப்படியே விட்டுவிட்ட படங்கள் உண்டு. மற்றவர்களின் அச்சைப் பார்த்து ஹிரோனிமஸ் செய்த நகல்களில் பல, மூலத்துக்கு இடவலம் மாறியே இருக்கின்றன.

அவர் உண்மையிலேயே இப்படித்தான் இருந்தாரா?

புகைப்படத்திடம் கேட்கிற கேள்வியை இந்தப் படத்திடம் கேட்கிறீர்கள். அந்தக் காலத்து அச்சு உருவப்படங்களுக்கு ஆளை எதிரில் உட்காரவைத்து வரைவது கட்டாயம் இல்லை. பதக்கம், ஓவியம், வேறொருவரின் அச்சு என்று கையில் கிடைப்பதைப் பார்த்துத் தகட்டில் வரைந்துகொள்வார்கள்.

வாங்குகிறவர்களும் தோலின் நிறத்தையோ கண்ணின் சாயலையோ தேடவில்லை. பெயர், கவசம், வாசகம் மூன்றும் இருந்தால் அவர்களுக்கு அவர்தான் சிக்கிங்கன். இன்று ஒரு தலைவரை மீசையையும் கண்ணாடியையும் வைத்தே சுவரில் வரைந்துவிடுகிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

இவரை வீரர்னு சிலர் சொல்றாங்க, கொள்ளைக்காரர்னு சிலர் சொல்றாங்க. எது சரி?

இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. அன்று ஒரு பிரபுவுக்குத் தகராறு வந்தால் எதிரிக்கு முறைப்படி அறிவித்துவிட்டுத் தனிப்போர் நடத்தும் வழக்கம் இருந்தது. 1495இல் வோர்ம்ஸில் கூடிய பேரரசு மன்றம் அதை ஒரேயடியாகத் தடை செய்தது. சிக்கிங்கன் அந்தத் தடைக்குப் பிறகும் தனிப்போர் நடத்தியவர். 1515இலிருந்து அதே வோர்ம்ஸ் நகரத்தை நெருக்கினார், 1518இல் மெட்ஸ் நகரத்தின் மேல் படையெடுத்துப் பணம் பறித்தார். வழியில் எரிந்த கிராமங்களுக்கு யார் நீதி சொன்னார்கள்? படத்தில் உள்ள வாசகத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

மறுபக்கம், தன்னால் லாபம் ஒன்றும் இல்லாதவர்களுக்காகவும் நின்றிருக்கிறார். ஹீப்ரு நூல்களை எரிக்கக் கூடாது என்று வாதாடிய அறிஞர் ரோய்க்லினை டொமினிக்கன் துறவிகள் வழக்குக்கு மேல் வழக்காக இழுத்தடித்தபோது, அவர்களை மிரட்டி ரோய்க்லின் பக்கம் நின்றது இவர்தான். என் கணக்கில் இவர் நல்லவர் பட்டியலிலும் வரமாட்டார், கெட்டவர் பட்டியலிலும் வரமாட்டார். தன் வகுப்பு சரிந்துகொண்டிருந்ததைக் கண்டவர், அதை வாளால் நிறுத்தலாம் என்று நம்பியவர்.

அவர் எப்படி இறந்தார்?

1521இல் பேரரசருக்காகப் பிரான்சின் மேல் போய், மெசியேர் நகரத்தை முற்றுகையிட்டுப் பிடிக்க முடியாமல் திரும்பினார். நகரத்தைக் காத்து நின்றவர் பிரெஞ்சு வீரர் பயார். 1522 ஆகஸ்டில் லாண்டாவ் ஊரில் கூடிய பிரபுக்கள் சிக்கிங்கனைத் தங்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். செப்டம்பரில் ட்ரியர் பேராயரின் நகரத்தை முற்றுகையிட்டார். சுமார் ஒரு வாரத்தில் வெடிமருந்து தீர்ந்து பின்வாங்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே பேரரசு அவரைச் சட்டத்துக்குப் புறம்பானவர் என்று அறிவித்தது.

1523 ஏப்ரல் கடைசியில் ட்ரியர் பேராயர், பலட்டினேட் கோமகன், ஹெஸ்ஸே கோமகன் மூவரின் படைகளும் சேர்ந்து லாண்ட்ஸ்டூல் ஊரில் இருக்கும் நான்ஸ்டைன் கோட்டையைச் சூழ்ந்தன. அசையாது என்று நம்பியிருந்த சுவர்கள் பீரங்கிக்கு முன்னால் சில நாட்களில் இடிந்தன. இடிந்த இடத்தைப் பார்வையிடப் போனவருக்குப் படுகாயம் ஏற்பட்டது. கோட்டையை ஒப்படைத்துவிட்டு மே 7ஆம் தேதி இறந்தார். படத்தில் அத்தனை பொறுமையாகத் தீட்டியிருக்கும் அந்தக் கவசம் பீரங்கிக்கு முன்னால் ஒன்றுக்கும் உதவவில்லை.

டியூரரும் இரும்புத் தகட்டில் எட்சிங் செய்து பார்த்தவர். 1515 முதல் 1518 வரை மொத்தம் ஆறு. கடைசியானதில் பெரிய பீரங்கி ஒன்று ஊருக்கு மேலே மேட்டில் நிற்கிறது, பக்கத்தில் காவலுக்கு ஒரு சிப்பாய். நான்ஸ்டைன் விழுவதற்கு ஐந்து ஆண்டு முந்தைய படம் அது. சிக்கிங்கன் முகத்துக்குப் பக்கத்தில் அதையும் வைத்துப் பாருங்கள்.

டியூரரின் ‘குதிரைவீரன், மரணம், பிசாசு’ படத்தில இருக்கிறவரும் இவர்தான்னு படிச்சேனே?

பழைய காலத்தில் அப்படி ஒரு ஊகம் இருந்தது. அந்தப் படத்தில் 1513 என்ற ஆண்டுக்கு முன்னால் ‘எஸ்’ என்ற எழுத்து ஒன்று இருக்கிறது. அது சிக்கிங்கனின் முதல் எழுத்தோ என்று சிலர் எண்ணினார்கள். ‘அருளின் ஆண்டில்’ என்ற பொருளில் லத்தீன் சொல் ஒன்றின் முதல் எழுத்தாக எடுத்துக்கொள்வதுதான் இன்று பொதுவான வழக்கம். 1513இல் சிக்கிங்கன் நாடறிந்த ஆளாகவும் ஆகியிருக்கவில்லை. இன்னொன்று, அது எட்சிங் இல்லை, செம்பில் உளியால் செதுக்கியது. கோடு முடியும் இடங்களைப் பார்த்தால், இரண்டாம் கேள்விக்குச் சொன்ன ஊசி முனைகள் தெரியும்.

செம்பு இவ்வளவு நேர்த்தின்னா, ஏன் முதல்லயே செம்பில எட்சிங் பண்ணலை?

கவசத் தொழிலின் அரிக்கும் நீர் இரும்புக்காக உருவானது. செம்பை ஒரே சீராக அரிக்கும் கலவையும் அதைத் தாங்கும் பூச்சும் கைவரக் கொஞ்சம் நாள் பிடித்தது. நெதர்லாந்தில் லைடன் நகரத்துக் கலைஞர் லூகாஸ் 1520இல் மாக்சிமிலியனின் உருவப்படத்தைச் செப்புத் தகட்டில் செய்தார். செம்பில் எட்சிங் செய்த மிக முந்தைய முயற்சிகளில் அதுவும் ஒன்று. ஆடை, பின்னணி எல்லாம் அமிலத்தால் வந்தவை. முகத்தை மட்டும் உளியால் செதுக்கினார்.

முகத்தை அமிலத்திடம் ஒப்படைக்க லூகாஸுக்கு மனம் வரவில்லை. ஹிரோனிமஸோ முகம், கவசம், எழுத்து எல்லாவற்றையும் அமிலத்திடமே விட்டார். லூகாஸின் முகம் மென்மையாக, சதையும் நிழலுமாக இருக்கும். ஹிரோனிமஸின் முகம் வெட்டி வைத்த மாதிரி விறைப்பாக இருக்கும். எனக்கு இரண்டாவதுதான் போர்க்காரனின் முகமாகத் தோன்றுகிறது. இது என் ரசனை, நீங்கள் மாறாக நினைக்கலாம். தொழில்நுட்பத்தில் வென்றது செம்புதான்.

மார்க்ஸ் இவரைப் பத்தி எழுதியிருக்காராமே?

ஆமாம். தமிழில் இடதுசாரி இலக்கிய விமர்சனம் படித்தவர்கள் சிக்கிங்கன் பெயரை முதலில் சந்திப்பது அந்த வழியாகத்தான். ஜெர்மன் சோஷலிஸ்ட் ஃபெர்டினாண்ட் லஸ்ஸால் இவரை நாயகனாக வைத்து ஒரு நாடகம் எழுதினார். அதைப் படித்துவிட்டு மார்க்ஸும் எங்கெல்ஸும் 1859இல் அவருக்குத் தனித்தனியாக விமர்சனக் கடிதங்கள் அனுப்பினார்கள். சிக்கிங்கன் தோற்றது தந்திரம் பிசகியதால் அல்ல, அழிந்துகொண்டிருந்த ஒரு வகுப்பின் ஆளாக நின்றதால்தான் என்பது மார்க்ஸின் வாதம். நாடகத்தில் விவசாயிகளுக்கு உரிய இடம் இல்லை என்பதும் இருவரும் சொன்ன குறை. அதைப் படித்துவிட்டு இந்தப் படத்துக்கு வருகிறவர்கள் அந்த முகத்தில் தோல்வியைத் தேடுகிறார்கள். ஹோப்ஃபர் அதை அங்கே வைக்கவில்லை.

சில பிரதிகள்ல மூலையில ஒரு எண் கிறுக்கியிருக்கே, அது என்ன? போலியா?

போலி இல்லை. 17ஆம் நூற்றாண்டில் நியூரம்பர்க் பதிப்பாளர் டாவிட் ஃபுங்க், ஹோப்ஃபர் குடும்பத்தின் பழைய தகடுகள் 230ஐத் தேடிச் சேர்த்து மறுபடி அச்சடித்தார். அடையாளத்துக்காக ஒவ்வொரு தகட்டிலும் ஒரு எண்ணைக் கீறி வைத்தார். அந்தக் கீறல் நேர்த்தியாக இருக்காது. கலைஞரின் கையும் பதிப்பாளரின் கையும் வேறு வேறு என்று பார்த்தவுடனே தெரியும்.

ஹோப்ஃபர் அச்சுகளில் எண் இல்லாதது முந்தைய நிலை, எண் உள்ளது ஃபுங்க் காலம் அல்லது அதற்குப் பிந்தையது. முன்பு சொன்ன துருப் புள்ளிகளும் எண் உள்ளவற்றில் கூடுதலாக இருக்கும். 1802இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஸில்பர்பர்க் என்ற பதிப்பாளர் 92 தகடுகளை இன்னொரு முறை அச்சடித்தார். மூன்று காலத்துக்கும் தகடு ஒன்றேதான், காகிதமும் மையும் தகட்டின் நிலையும்தான் வேறு.

அப்படீன்னா எதை ‘ஒரிஜினல்’னு சொல்றது?

ஓவியத்தில் ஒரு பிரதிதான் இருக்கும். அச்சில் அப்படி இல்லை. கலைஞரின் தகட்டில் இருந்து நேரடியாக எடுத்த ஒவ்வொரு தாளும் ஒரிஜினல்தான். அவற்றுக்குள் தரவரிசைதான் உண்டு. ஹோப்ஃபர் பட்டறையில் வந்தது முதல் வரிசை, ஃபுங்க் அச்சடித்தது அடுத்தது, 1802 பிரதிகள் அதற்கும் அடுத்தது. என் மேசையில் இருப்பது இந்த மூன்றிலும் சேராது, வெறும் கணினி நகல்.

வாங்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். தகடு அழுந்திய விளிம்பு படத்தைச் சுற்றிப் பள்ளமாகத் தெரிய வேண்டும், மை காகிதத்தின் மேல் லேசாகப் புடைத்து நிற்க வேண்டும். புகைப்பட முறையில் செய்த மறுபதிப்பை உருப்பெருக்கியில் பார்த்தால் பெரும்பாலும் கோடு புள்ளிகளாகச் சிதறிவிடும். பழைய தாள்களின் வெள்ளை விளிம்பை வெட்டிவிட்டிருப்பார்கள், அப்போது பள்ளம் தெரியாது. தெரியாததை மட்டும் வைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

ஹோப்ஃபர் படங்களை நேர்ல எங்கே பார்க்கலாம்?

லண்டன் பிரிட்டிஷ் மியூசியம், பெர்லின் அச்சோவியக் காட்சியகம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஆகிய மூன்றிலும் ஹோப்ஃபர் குடும்பத்து அச்சுகள் இருக்கின்றன. காகிதம் வெளிச்சத்தில் கெட்டுவிடும் என்பதால் எப்போதும் சுவரில் மாட்டி வைத்திருக்க மாட்டார்கள். ஆய்வு அறைக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. சிக்கிங்கனின் ஊர்ப்பக்கம் போகிறவர்கள் லாண்ட்ஸ்டூலில் நான்ஸ்டைன் இடிபாடுகளையும், எபர்ன்பர்க்கில் 1889இல் சிக்கிங்கனுக்கும் ஹுட்டனுக்கும் சேர்த்து வைத்த சிலையையும் பார்க்கலாம்.

பெர்லினில் ஹோப்ஃபர்களின் இரும்புத் தகடுகளில் ஒரு பங்கும் இருக்கிறது. அமிலம் தின்ற பள்ளங்கள் அவற்றில் இன்னும் அப்படியே இருக்கின்றன, எழுத்துகள் இடவலம் மாறியபடியே.